டிராக்ஷன் கண்ட்ரோலை ஆஃப் பண்ணலாமா? ஒரு டாக்டரின் பதில்

கொஞ்ச நாளா இன்பாக்ஸில் ஒரே கேள்விதான் வேற வேற வார்த்தையில வந்துட்டு இருக்கு.

"டாக்டர், டிராக்ஷன் கண்ட்ரோலை ஆஃப் பண்ணா வண்டி பிக்கப் கூடுமாமே, உண்மையா?"

"பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டு ஈசிஆர்ல போனாத்தான் வண்டியோட உண்மையான பவர் தெரியும்னு ரீல்ஸ்ல சொல்றாங்க."

கேட்கிறவங்க பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிற தம்பிகள். கார் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதனால திட்டாம, விஷயத்தை முழுசா எழுதுறேன். இழை கொஞ்சம் நீளம். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

முதல்ல அது என்னன்னு பார்த்துடுவோம்.

டிராக்ஷன் கண்ட்ரோலின் வேலை ரொம்பச் சின்னது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் சுற்றும் சக்கரம் ரோட்டைப் பிடிக்காம சும்மா சுத்துதான்னு பார்க்கும். சுத்தினா என்ஜின் பவரைக் குறைக்கும், இல்ல அந்தச் சக்கரத்துக்கு மட்டும் லேசா பிரேக் போடும். அவ்வளவுதான்.

இதோட அண்ணன் ஒருத்தர் இருக்கார். எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், சுருக்கமா ஈஎஸ்சி. சில கம்பெனிகள் ஈஎஸ்பி என்பார்கள். நீங்க ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பியிருக்கீங்க, வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகுது, இந்த ரெண்டையும் அது ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். போஷ் நிறுவனம் சொல்ற கணக்குப்படி ஒரு நொடிக்கு 25 தடவை. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா நாலு சக்கரத்தில் எதுக்கு பிரேக் போட்டா வண்டி நேராகுமோ, அதுக்கு மட்டும் பிரேக் போடும். உலகத்தில் எந்த டிரைவராலும் இதைக் காலால் செய்ய முடியாது. நமக்கு இருக்கிறது ஒரே ஒரு பிரேக் பெடல்.

டேஷ்போர்டில் வழுக்கிப் போற கார் படம் போட்ட பட்டன் இருக்குமே, பல வண்டிகளில் அதை ஒரு தடவை அமுக்கினா தம்பி மட்டும் தூங்குவார். அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா சில வண்டிகளில் அண்ணனும் தூங்கிடுவார். ரீல்ஸ் போடுற பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாதுன்னு நினைக்கிறேன்.

இப்போ பிக்கப் கேள்வி.

சக்கரம் வழுக்காத வரைக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் எதுவுமே செய்யாது. ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஆகவே அதை ஆஃப் பண்றதால என்ஜினுக்கு ஒரு குதிரைசக்திகூட ஏறாது. வழுக்கும்போது மட்டும்தான் வித்தியாசம் தெரியும். அப்போ வித்தியாசம் என்னன்னா, சும்மா சுத்துற டயருக்கு உருளுற டயரைவிடப் பிடிமானம் கம்மி. சத்தம் வரும், புகை வரும், ரப்பர் வாசனை வரும். பக்கத்தில் இருக்கும் நண்பன் "மச்சி செம"ன்னு சொல்வான். வண்டி என்னவோ மெதுவாத்தான் கிளம்பும்.

ஒரு டயர் ரோட்டைத் தொடுற இடம் ஏறக்குறைய உங்க உள்ளங்கை அளவு. நாலு உள்ளங்கை, ஒரு டன்னுக்கு மேல எடையுள்ள வண்டி. அந்தப் பிடிமானத்தை மாசச் சம்பளம்னு வச்சுக்கோங்க. வேகமெடுக்க, பிரேக் பிடிக்க, வளைய, மூணு செலவுக்கும் அதே சம்பளம்தான். வளைவில் திரும்பும்போது முக்கால்வாசிச் சம்பளம் வளையுறதுக்கே போயிடும். அப்பப் போய் ஆக்சிலரேட்டரை அழுத்தினா கையில காசு இருக்காது. டிராக்ஷன் கண்ட்ரோல் அந்தச் செலவைத் தடுக்கிற வீட்டம்மா மாதிரி. அவங்களை ஊருக்கு அனுப்பிட்டுச் செலவு பண்ணா என்ன ஆகும்னு கல்யாணமானவங்களுக்குத் தெரியும்.

நம்ம ஊர்ல விற்கிற பெரும்பாலான ஹேட்ச்பேக், செடான் எல்லாம் முன்சக்கர இயக்கம். முன் டயர்தான் இழுக்கணும், அதே முன் டயர்தான் திருப்பணும். வளைவில் அது வழுக்கினா வண்டி திரும்பாம நேராப் போகும். நேர்ல இருக்கிறது டிவைடர், இல்ல எதிர்த்தாப்ல வர்ற பஸ். பயந்து ஆக்சிலரேட்டரை டக்குன்னு விட்டா எடை முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகி வால் சுழலும். இன்னோவா கிரிஸ்டா மாதிரி பின்சக்கர இயக்க வண்டிகளில் வால் இன்னும் சுலபமா சுழலும். உயரமான வண்டின்னா பக்கவாட்டில் வழுக்கிப் போய் ரோட்டோரக் கல்லிலோ மண்ணிலோ டயர் தட்டினதும் உருண்டுடும்.

இனிமேல் வர்றதுதான் என் துறை.

கார் நேருக்கு நேர் மோதினா உங்களுக்கும் மோதின பொருளுக்கும் நடுவில் பானெட், என்ஜின், மடங்கி நசுங்குறதுக்குன்னே டிசைன் பண்ணின உலோகம், ஏர்பேக் எல்லாம் இருக்கு. சீட் பெல்ட் போட்டிருந்தா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. சுழன்ற கார் அப்படி மோதாது. அது பக்கவாட்டில் போய் மோதும். புளியமரத்திலோ, கரண்ட் கம்பத்திலோ, பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ. உங்க இடுப்புக்கும் கதவுத் தகடுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்குன்னு இன்னிக்கு கார்ல உட்காரும்போது கையை விட்டுப் பாருங்க. ஒரு சாண் இருந்தா அதிகம்.

விபத்தில் வந்த ஒருத்தரை ஆம்புலன்ஸ்ல இருந்து இறக்கும்போது நாங்க கேட்கிற கேள்விகளில் ஒண்ணு, "எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்? எந்தப் பக்கம் மோதிச்சு?" இது சும்மா கேட்கிறதில்லை. நம்ம நாட்டில் டிரைவர் சீட் வலப்பக்கம். வலது கதவில் அடி விழுந்தா டிரைவரின் வலது விலா எலும்பு, அதுக்குள்ள இருக்கிற கல்லீரல். இடது கதவில் விழுந்தா பக்கத்தில் உட்கார்ந்த நண்பனின் மண்ணீரல். ரெண்டுமே ரத்தம் நிறைந்த உறுப்புகள். கிழிஞ்சா வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாது. ஆள் பேசிக்கிட்டே இருப்பார். "எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், அவனைப் பாருங்க"ன்னு சொல்வார். உள்ளே வயிறு ரத்தத்தால நிரம்பிக்கிட்டு இருக்கும்.

இடுப்பெலும்பு பக்கவாட்டில் நசுங்கலாம். இதயத்திலிருந்து கிளம்புற மகாதமனி நெஞ்சுக்குள்ள ஒரு இடத்தில் முதுகெலும்போட ஒட்டி நிற்கும், அதுக்கு முன்னாடி இருக்கிற பகுதி கொஞ்சம் ஆடும். உடம்பு திடீர்னு ஒரு பக்கம் தூக்கி எறியப்படும்போது அந்தச் சந்திப்பில் கிழியும். அது முழுசாக் கிழிஞ்சவங்க பெரும்பாலும் எங்ககிட்ட வந்து சேர்றதே இல்லை.

தலை விஷயம் இன்னும் மோசம். மண்டையோடு உடையாமலேயே, சட்டுன்னு திருகின வேகத்தில் மூளைக்குள்ள இருக்கிற நரம்பு இழைகள் அறுந்துபோகும். முதல் ஸ்கேன் பெருசா ஒண்ணும் காட்டாமல்கூட இருக்கலாம். ஆனா ஆள் கண் திறக்க மாட்டார். ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கிறீங்க, அப்புறம் ஏன் சார் எந்திரிக்க மாட்டேங்கிறான்னு அப்பாக்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்றது இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

ஈஎஸ்சி செய்கிற மிகப் பெரிய வேலை இந்தச் சுழலைத் தடுக்கிறதுதான். ஒருவேளை மோதினாலும் முன்பக்கமா மோத வைக்கிறது. தனி வண்டி விபத்துகளில், அதாவது வேற வண்டி எதுவும் சம்பந்தப்படாம தானாகப் போய் மோதுற விபத்துகளில், உயிர்ப்பலி ஏறக்குறைய பாதியாகக் குறையுதுன்னு அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கு. ஒரு மாத்திரை ஏதாவது ஒரு நோயின் சாவைப் பாதியாக் குறைக்குதுன்னா நாங்க அதைத் தலையில் தூக்கி வச்சு ஆடுவோம்.

இது முதன்முதலா 1995ல் மெர்சிடஸின் விலை உயர்ந்த காரில்தான் வந்தது. 1997ல் அதே கம்பெனியின் சின்னக் காரான ஏ கிளாஸ், ஸ்வீடனில் ஒரு பத்திரிகை நடத்தின சோதனையில், குறுக்கே வந்த மானைத் தவிர்க்கிற மாதிரி வளைச்சு ஓட்டினப்போ கவிழ்ந்துடுச்சு. அதுக்கப்புறம் அந்தச் சின்னக் காரிலும் எல்லாருக்கும் இதைப் பொருத்திக் கொடுத்தாங்க. அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்து கட்டாயம். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். நம்ம நாட்டில் 2023 அக்டோபரில் ஆரம்பிச்ச பாரத் என்கேப் சோதனையில் மூணு நட்சத்திரமோ அதுக்கு மேலயோ வாங்கணும்னா ஈஎஸ்சி இருந்தாகணும். காசு கொடுத்து இதை வாங்கிட்டு பட்டனை அமுக்கி ஆஃப் பண்றோம்!

"அப்புறம் ஏன் டாக்டர் ரேஸ் டிரைவர்கள் ஆஃப் பண்றாங்க?"

நியாயமான கேள்வி. இதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல் விஷயம், எல்லா ரேஸ் டிரைவரும் ஆஃப் பண்றதில்லை. ஜிடி3 பந்தயக் கார்களில் டிராக்ஷன் கண்ட்ரோலும் இருக்கு, ஏபிஎஸ்ஸும் இருக்கு. ஸ்டியரிங்கில் திருகி வச்சு, டயர் தேயத் தேய, மழை வர வர, எவ்வளவு வேணும்னு கூட்டிக் குறைச்சுக்கிட்டே ஓட்டுவாங்க. ஃபார்முலா 1ல் இல்லைங்கிறது உண்மை. 1994ல் தடை பண்ணாங்க, 2001ல் திரும்ப அனுமதிச்சாங்க, 2008ல் மறுபடியும் தடை. காரணம், டிரைவரின் திறமை தெரியணும்கிற விளையாட்டு விதி. அது இருந்தா கார் மெதுவாப் போகும்னு யாரும் தடை பண்ணலை. இருந்தா ஓட்டுறது சுலபமாகுதுன்னுதான் தடை பண்ணாங்க.

ரெண்டாவது விஷயம் சிறுமூளை. வண்டியின் வால் சுழல ஆரம்பிக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் எவ்வளவு திருப்பணும், எப்ப நேராக்கணும்கிறதை யோசிச்சு முடிவு பண்ண நேரமே கிடையாது. எதிர்பாராத ஒண்ணு நடந்தா நமக்கு உறைக்கிறதுக்கே ஒரு நொடி ஆகும்னு வைங்க. 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் கார் 28 மீட்டர் தாண்டியிருக்கும். பழகாத மனுஷன் அப்போ ரெண்டு காரியம் பண்ணுவான். பிரேக்கை முழுசா மிதிப்பான், எதில் மோதப்போறோமோ அதையே உத்துப் பார்ப்பான். பார்க்கிற பக்கமே கை திருப்பும். நரேன் கார்த்திகேயனோ கருண் சந்தோக்கோ சின்ன வயசிலிருந்தே வண்டி ஓட்டிப் பழகினவங்க. அவங்களுக்கு அந்தத் திருப்பல், நமக்கு சைக்கிள் பேலன்ஸ் மாதிரி சிறுமூளையில் பதிஞ்சு கிடக்கு. ரீல்ஸ் பார்த்து அது பதியாது. பதிய வைக்கிற மருந்து எதுவும் என்கிட்டயும் இல்லை.

மூணாவது விஷயம்தான் எனக்கு முக்கியம்.

இதய அறுவை சிகிச்சையில் நாங்க இதயத்தையே நிறுத்துறோம். தெரிஞ்சே, வேணும்னே. கேட்க எவ்வளவு பயங்கரமா இருக்கு! ஆனா நிறுத்துறதுக்கு முன்னாடி ஹார்ட் லங் மெஷின் ஓட ஆரம்பிச்சிருக்கும். மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் நிற்பார். ரத்தம் தயாரா இருக்கும். ஒண்ணை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி பத்தை ஆன் பண்ணியிருப்போம். ரேஸ் டிராக்கும் அப்படித்தான்.

2020 அக்டோபரில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் ஃபார்முலா 1 பயிற்சி நாள். மூடுபனி. மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியலை. கார்கள் தயார், டிரைவர்கள் தயார், ஆனா அன்னிக்கு ரெண்டு பயிற்சியும் ரத்து. அடிபட்டவரை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாதுன்னா ஒரு காரும் டிராக்கில் இறங்கக்கூடாது. அதுதான் அங்க சட்டம்.

அடுத்த மாசம், நவம்பர் 29, பஹ்ரைன். ரோமன் க்ரோஜான் ஓட்டின கார் 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி ரெண்டாப் பிளந்து தீப்பிடிச்சது. மோதலின் விசை 67 ஜி. அரை நிமிஷத்துக்குள்ள மனுஷன் தானாகவே வெளியே வந்தார், கையில் தீக்காயத்தோட. தலைக்கு மேல ஹேலோ வளையம், கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் கருவி, தீ தாங்கும் உடை, ஹெல்மெட். முதல் சுற்றில் பின்னாடியே வந்துட்டிருந்த மெடிக்கல் கார் சில நொடியில் நின்னது. அதிலிருந்து இறங்கி நெருப்புக்கிட்டப் போனவர் டாக்டர் இயன் ராபர்ட்ஸ். எங்க ஜாதிக்காரர்னு பெருமையாச் சொல்லிக்கிறேன், டாக்டர் ஜாதி.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற வீடியோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. மனுஷன் அடிபடாம இறங்கி நடந்து வந்தார். அந்த வாரமே பந்தயத்திலும் கலந்துக்கிட்டு அவர் டீம் தன் பிரிவில் மூணாமிடம் வாங்கிச்சு. "பார்த்தீங்களா, தல எப்படி அசால்ட்டா வந்தார்"னு கமெண்ட் போடுறோம். அதே வேகம், அதே சுழல், ரோல்கேஜ் இல்லாத கார், டி-ஷர்ட், கூலிங்கிளாஸ், தடுப்புக்குப் பதிலா புளியமரம்னு மாத்தி யோசிச்சுப் பாருங்க.

ஈசிஆர்ல உங்க பின்னாடி மெடிக்கல் கார் வராது. நல்லவங்க யாராவது நிறுத்தி 108க்குக் கூப்பிடணும். ஆம்புலன்ஸ் வரணும். நசுங்கின கதவிலிருந்து உங்களை எடுக்கணும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அருமையான திட்டம். ஆனா கிழிஞ்ச கல்லீரல் அதுவரைக்கும் ஆம்புலன்ஸ் வர்ற வழியைப் பார்த்துக்கிட்டு இருக்காது.

இன்னொண்ணு. ஆபரேஷனுக்கு முன்னாடி நாங்க கையெழுத்து வாங்குவோம். என்ன செய்யப்போறோம், என்ன ஆபத்துன்னு சொல்லி, சம்மதம்னு அவர் சொன்னாத்தான் கத்தியே எடுப்போம். நீங்க அந்தப் பட்டனை அமுக்கும்போது பின் சீட்ல பெல்ட் போடாம பாட்டு கேட்டுட்டு இருக்கிற ரெண்டு நண்பர்கள்கிட்ட சம்மதம் கேட்டீங்களா? விடியக்காலை மீன் கூடையோட ரோட்டைக் கடக்கிற அம்மாகிட்ட? பைக்ல நைட் ஷிப்ட் முடிச்சு வீட்டுக்குப் போறவர்கிட்ட? ரேஸ் டிராக்கில் ரோட்டைக் கடக்கிறவங்க கிடையாது. அங்க ஆபத்தை எடுக்கிறவர் தனக்காக மட்டும் எடுக்கிறார். எனக்கு இதில் கோபம் வர்ற ஒரே இடம் இதுதான். டிரைவர் தைரியசாலின்னு பேர் வாங்குவார், இடது சீட்ல இருந்தவன் மண்ணீரலை இழப்பான்.

"அப்போ கம்பெனிக்காரன் ஏன் சார் பட்டன் வச்சிருக்கான்?"

மணலில், சேற்றில், பனியில் சிக்கின வண்டியை வெளியே எடுக்க. அங்க சக்கரம் கொஞ்சம் சுத்தித்தான் ஆகணும், டிராக்ஷன் கண்ட்ரோல் பவரைக் குறைச்சுக்கிட்டே இருந்தா வண்டி நகராது. கடற்கரை மணலில் மாட்டிக்கிட்டா தாராளமா ஆஃப் பண்ணுங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் ஆன் பண்ணிடுங்க. அந்தப் பட்டனையே எடுத்துடணும்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. பட்டன் பாவம், அது என்ன பண்ணும்.

அதே மாதிரி, ஈஎஸ்சி இருக்குன்னு மழையில் 120ல போறவங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். அது புதுசாப் பிடிமானத்தை உற்பத்தி பண்ணாது. இருக்கிற பிடிமானத்தைச் சரியாப் பங்கிட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். டயர் வழவழன்னு தேஞ்சிருந்தா, தேங்கின தண்ணி மேல டயர் மிதந்தா, பங்கிட ஒண்ணுமே இருக்காது. பட்டனைப் பத்தி எனக்கு மெசேஜ் அனுப்புற நேரத்தில் டயரைக் குனிஞ்சு பாருங்க. பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தா மாத்துங்க.

நிஜமாவே ஆசை இருக்கிறவங்களுக்கு வழி இருக்கு. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கு. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. பயிற்சி கொடுக்கிறவங்க இருக்காங்க. ஹெல்மெட் போட்டு, பக்கத்தில் சொல்லிக்கொடுக்கிறவர் இருக்க, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில், அவர் ஆஃப் பண்ணச் சொல்ற அன்னிக்கு ஆஃப் பண்ணுங்க. வண்டி எப்படி வழுக்குதுன்னு அங்க ஒரு நாள் கத்துக்கிட்டா ரோட்டில் இன்னும் நிதானமாத்தான் ஓட்டுவீங்க. காசு செலவாகும், ஆமா. ஐசியூ பில்லை நான் பார்த்திருக்கேன், அதோட ஒப்பிட்டா கம்மிதான்.

கடைசியா, நிறைய பேர் கேட்ட ஒரு சின்னச் சந்தேகம். ஓட்டிக்கிட்டு இருக்கும்போது அந்த வழுக்குற கார் விளக்கு விட்டு விட்டு மின்னினா சிஸ்டம் அந்த நேரம் வேலை செய்யுதுன்னு அர்த்தம், காலை எடுங்க, வேகத்தைக் குறைங்க. ஸ்டார்ட் பண்ணினதும் எரிஞ்சு அணைஞ்சா நார்மல். அணையாம எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஒண்ணு யாரோ ஆஃப் பண்ணியிருக்காங்க, இல்ல ஏதோ கோளாறு, ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்க. பழைய கார் வாங்குறவங்க இதைக் கட்டாயம் பாருங்க. பெரும்பாலான வண்டிகளில் என்ஜினை நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணா தானாகவே ஆன் ஆயிடும். உங்க வண்டியில் எப்படின்னு கமெண்ட்ல மாடலும் வருஷமும் போட்டு என்கிட்டக் கேட்காதீங்க மக்களே, டேஷ்போர்டு டப்பாவில் ஒரு புத்தகம் பிரிக்காம கிடக்கும், அதில் இருக்கு.